முதல் வீடு வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

முதன்முதலாக வீடு வாங்கத் தயாராகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. வட்டிக் கணக்குகளில் கடன் 1,00,000, வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்திருக்கிறோம். உங்கள் கடன் அதைப்போல எத்தனை மடங்கோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதாமாதம் வாடகை கொடுப்பது வீண் செலவு, அந்தப் பணத்தைத் தவணையாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானே?

பதில்: வாடகை வீண் என்றால் வட்டியும் வீண்தான். இரண்டும் திரும்பி வராத பணம். 20 ஆண்டுக் கடனில் முதல் மாதம் நீங்கள் கட்டும் 900-ல் 750 வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது 150 மட்டுமே. அதனால் வாடகையைத் தவணையோடு ஒப்பிடாதீர்கள். வட்டி, வீட்டு வரி, பராமரிப்பு மூன்றையும் கூட்டி அதனோடு ஒப்பிடுங்கள்.

சுருக்கமான கணக்கு ஒன்று உண்டு. வீட்டின் விலையை, அதே வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய ஓராண்டு வாடகையால் வகுங்கள். விடை 15-க்குக் கீழே இருந்தால் வாங்குவது பெரும்பாலும் லாபம். 25-ஐத் தாண்டினால் வாடகைக்கு இருந்துகொண்டு மிச்சத்தைச் சேமிப்பதே மலிவு. இடைப்பட்ட எண் வந்தால், அங்கே எத்தனை ஆண்டு குடியிருப்பீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும். ஐந்து ஆண்டுக்குள் வேலை மாறி ஊர் மாற வாய்ப்பிருந்தால் அவசரப்பட வேண்டாம். வாங்கும்போது ஒருமுறை, விற்கும்போது ஒருமுறை என்று பதிவுக் கட்டணமும் தரகும் வரியும் விலையேற்றத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கணக்கு எப்படி வந்தாலும் சொந்த வீட்டில் இருக்கும் நிம்மதிக்காக வாங்குகிறோம் என்றால் அதுவும் நியாயமான காரணம்தான். ஆனால் அதை லாபம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் இருவர் சம்பளத்துக்கும் இவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகைக்கு ஏற்ற வீட்டைத் தேட ஆரம்பிக்கலாமா?

பதில்: அந்தத் தொகையை உச்சவரம்பாகக்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக்கு உங்கள் சம்பளம் தெரியும், ஏற்கெனவே உள்ள கடன்கள் தெரியும். பெற்றோரின் மருந்துச் செலவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், இருவரில் ஒருவர் இரண்டு ஆண்டு வேலையை விட நேரிடலாம் என்ற எண்ணம் ஆகியவை தெரியாது.

கணக்கை மறுபக்கத்திலிருந்து போடுங்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, மாதச் செலவுகளைக் கூட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டிப் பழுது, பயணம் எல்லாவற்றையும் 12-ஆல் வகுத்து அதில் சேருங்கள். இவற்றை விட்டுவிடுவதால்தான் பலருடைய கணக்கு தாளில் சரியாகவும் கையில் தவறாகவும் வருகிறது. எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டுத் தவணை மட்டும் 30 சதவீதத்துக்குள் இருந்தால் மூச்சு விடலாம். இரண்டு சம்பளம் இருந்தாலும் அதிகமான ஒன்றை மட்டும் வைத்துத் தவணையையும் சாப்பாட்டுச் செலவையும் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள்.

பிறகு ஒத்திகை. வரப்போகும் தவணை 28, வீட்டு வரியும் பராமரிப்பும் 3, இப்போதைய வாடகை 15 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 16. சம்பளம் விழும் நாளிலேயே அந்த 16-ஐத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து செய்யுங்கள். மூன்றாவது மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் கடன் தொகையைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். எடுக்காமல் ஓட்டிவிட்டால், வீட்டு விலையில் கடன் போக நீங்கள் போட வேண்டிய முன்பணத்தோடு ஆறு மாதச் சேமிப்பும் சேர்ந்திருக்கும்.

கேள்வி: கடனை 15 ஆண்டுக்கு எடுப்பதா, 20-க்கா, 30-க்கா? வட்டி மாறும் வகையா, மாறாத வகையா?

பதில்: 15 ஆண்டுக்கு மாதத் தவணை 1,014. 20 ஆண்டுக்கு 900. 30 ஆண்டுக்கு 805. இருபதை முப்பதாக்கினால் மாதம் 95 மிச்சமாகும். மொத்த வட்டியோ 1,16,000-லிருந்து 1,90,000-ஐ நெருங்கும். தவணை குறைவாக இருக்கிறதே என்று 30 ஆண்டுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அசல் கரையும் வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 20 ஆண்டுக் கடனில் ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டினால் மொத்தம் 54,000 கட்டியிருப்பீர்கள். அப்போதும் 88,700 பாக்கி நிற்கும். அசலில் பாதி தீர்வது 14 ஆண்டு முடியும்போதுதான்.

மாறும் வட்டியில் பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. வட்டி ஏறும்போது வங்கிகள் பல நேரம் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். கடன் எடுத்த புதிதில் வட்டி 9-லிருந்து 10 ஆகி, தவணை அதே 900-ஆக இருந்தால், 20 ஆண்டு என்பது 26 ஆண்டைத் தாண்டும். 11 ஆனால் இன்னும் மோசம்: ஒரு மாத வட்டியே 917. நீங்கள் கட்டும் 900 வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும். வங்கி அதுவரை பொறுத்திருக்காது, தவணையை 1,032 ஆக்கு என்று கேட்கும். எனவே சோதனை இதுதான்: இப்போது சொல்லப்படும் தவணையைவிட 15 சதவீதம் கூடுதலாக உங்களால் கட்ட முடியுமா? முடியாது என்றால் மாறும் வட்டியில் அந்தக் கடன் உங்களுக்குப் பெரியது. வட்டி ஏறும்போது காலத்தை நீட்ட வேண்டாம், தவணையைக் கூட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

மாறாத வட்டி என்று விளம்பரத்தில் வருவது முழுக் காலத்துக்குமா, முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமா என்று கேளுங்கள். முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்திலேயே தேடிப் படியுங்கள்.

எங்கள் யோசனை: 20 ஆண்டுக்கு எடுத்து, ஆண்டுக்கு ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டுங்கள். கடன் ஏறக்குறைய மூன்றரை ஆண்டு முன்பே முடியும். கூடுதல் தொகை கட்டும் ஒவ்வொரு முறையும், காலத்தைக் குறைக்க வேண்டும், தவணையை அல்ல என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு விலையில் 20 சதவீதம் கையில் இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன். போதும் அல்லவா?

பதில்: பெரும்பாலும் போதாது. விலை 100 என்று வையுங்கள். வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் வீட்டுக்கு 90 என்று மதிப்புப் போட்டால், விலை, மதிப்பு இரண்டில் குறைந்ததைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். 90-ல் 80 சதவீதம் 72. உங்கள் பங்கு 20 அல்ல, 28. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தால்தான் நகையும் நண்பர்களும் நினைவுக்கு வருவார்கள்.

பதிவுக் கட்டணம், வரி, வழக்கறிஞர், தரகு, வங்கியின் செயல்முறைக் கட்டணம், காப்பீடு, வீடு மாற்றும் செலவு, அலமாரி, விளக்கு என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும் திட்டமிடுவதற்கு 10 சதவீதம் ஒதுக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கடன் கிடைக்காது. ஆக 20 என்று நினைத்த இடத்தில் 38 வரை தேவைப்படலாம். இதெல்லாம் போக, தவணையும் சேர்த்து ஆறு மாதக் குடும்பச் செலவு தொடாத கணக்கில் இருக்க வேண்டும். அதையும் சுரண்டிப் போட்டுத்தான் வீடு வாங்க முடியும் என்றால் சின்ன வீட்டைப் பாருங்கள், அல்லது ஓராண்டு தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டில் வீடு வாங்க எண்ணம். அதுவரை முன்பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டு வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். சந்தை 30 சதவீதம் சரிந்தால் மீண்டும் பழைய அளவுக்கு வர 43 சதவீதம் ஏற வேண்டும். அது உங்கள் பத்திரப் பதிவுத் தேதிக்குள் நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் வைப்புத் தொகையில் இருக்கட்டும்.

கேள்வி: கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்?

பதில்: ஆறு மாதம் முன்பே கிரெடிட் அறிக்கையை, அதாவது உங்கள் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, வாங்கிப் படியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடக் கூடாது. அடைத்த கடன் இன்னும் நிலுவையாக நிற்கிறதா, உங்களுடையதல்லாத கணக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பெயரும் முகவரியும் சரியா என்று வரிவரியாகப் பாருங்கள். பிழை திருத்தச் சில வாரங்களாவது ஆகும்.

கிரெடிட் கார்டு வரம்பில் 30 சதவீதத்துக்குள் பயன்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார்டை இந்த நேரத்தில் மூட வேண்டாம். கடன் வரலாறு குறுகிவிடும், மொத்த வரம்பும் குறையும். புது வண்டிக் கடன், தவணையில் தொலைபேசி எல்லாம் வீடு முடிந்தபின். உறவினர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் உங்கள் கடனாகக் கணக்கிடப்படலாம். வேலை மாறுவதாக இருந்தால் ஒன்று முன்னாலேயே மாறித் தகுதிகாண் காலத்தை முடித்துவிடுங்கள், இல்லையேல் கடன் கைக்கு வந்தபின் மாறுங்கள்.

முன்பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும். பெற்றோர் தரும் தொகை என்றால் வங்கி வழியாக வரட்டும். இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற கடிதமும் இருக்கட்டும்.

கேள்வி: 18 ஆண்டுப் பழைய தனி வீடு ஒன்று பிடித்திருக்கிறது. புதிதாக வெள்ளை அடித்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்தப் புது வெள்ளையிலிருந்தே தொடங்குங்கள். வீடு முழுக்க அடித்திருந்தால் விற்பதற்காகச் செய்தது. ஒரே ஒரு சுவரிலோ கூரையின் ஒரு மூலையிலோ மட்டும் புதிதாக இருந்தால் அங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள். அதன் பின்பக்கம் குளியலறையா, மேலே தண்ணீர்த் தொட்டியா என்று பாருங்கள்.

பழைய வீட்டைக் கெடுப்பதில் தண்ணீருக்குத்தான் முதலிடம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு உப்பியோ, வெள்ளையாக உப்புப் பூத்தோ இருந்தால் மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. வெறும் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் மறுபடி வரும். கூரையில் மஞ்சள் வளையம் மேலேயிருந்து வரும் கசிவுக்கு அடையாளம். மழை பெய்த மறுநாள் ஒருமுறை கட்டாயம் போங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ எங்கோ ஒழுகுகிறது. மாடிக் குளியலறை ஷவர், சமையலறைக் குழாய், கழிவறை ஃபிளஷ் மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். குளியலறைத் தரையில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டினால் ஓட்டமும் தெரியும், அடைப்பும் தெரியும். பக்கத்து வடிகாலில் குமிழி வந்தால் கழிவுக் குழாயில் காற்றுப் போக்கு சரியில்லை அல்லது அடைப்பு இருக்கிறது.

அடுத்தது விரிசல். தலைமுடி அளவில் பூச்சில் மட்டும் ஓடும் விரிசல் சிமென்ட் காய்ந்து சுருங்கியதால் வருவது, கவலை வேண்டாம். ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால், அல்லது செங்கல் வரிசைகளில் படிக்கட்டுப்போல ஏறினால், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். அதே பக்கத்தில் கதவுகள் சட்டத்தில் இடிக்கின்றனவா, தரையில் வைத்த கோலிக்குண்டு தானாக உருள்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் உறுதிப்படும்.

விரிசலைவிட ஒருபடி மேலே பயப்பட வேண்டியது, தூணிலோ உத்திரத்திலோ நீளவாக்கில் ஓடும் பிளவும் அதிலிருந்து வழியும் பழுப்புக் கறையும். உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். இதை மேலே பூசிச் சரிசெய்ய முடியாது. பெயர்த்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் மாற்றிக் கட்ட வேண்டும். அந்தச் செலவு மதிப்பீடு கைக்கு வராமல் விலை பேசவே கூடாது.

மின்சாரத்தில் இரண்டு சோதனை போதும். மின்பலகையில் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா? வீட்டுக்குப் பொதுவாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் வகை. அது இல்லாத பழைய பலகை என்றால் பெரும்பாலும் முழு ஒயரிங்கையும் மாற்றும் செலவை மனதில் வையுங்கள். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு, நீங்கள் போட நினைக்கும் ஏ.சி.களையும் ஹீட்டரையும் தாங்குமா என்பது இரண்டாவது.

டைல்ஸை நாணயத்தால் தட்டினால் வெற்றொலி வரும் இடங்கள் அடியில் பிடிப்பு விட்டவை. இது பேரம் பேசும் விஷயம்தான், வீட்டை வேண்டாம் என்று சொல்லும் விஷயம் அல்ல.

இவ்வளவும் நீங்களே செய்யலாம். செய்தபின், விற்பவருக்கோ தரகருக்கோ தொடர்பில்லாத கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்துப் போங்கள். வாய்ச்சொல் வேண்டாம், படங்களோடு எழுத்து அறிக்கை வாங்குங்கள். விலை குறைக்கச் சொல்லும்போது கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

கேள்வி: அடுக்குமாடியில் 1,000 சதுர அடி ஃபிளாட் என்றார்கள். உள்ளே போனால் சின்னதாகத் தெரிகிறது.

பதில்: உங்கள் கண் ஏமாற்றவில்லை. விற்கும் அளவில் சுவர்த் தடிமனும், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்த்துச் சொல்லப்படும் இடங்கள் உண்டு. டேப் எடுத்து ஒவ்வொரு அறையையும் சுவரிலிருந்து சுவர் வரை அளந்து கூட்டுங்கள். 720 வந்தால், விலையை 1,000-ஆல் வகுக்காமல் 720-ஆல் வகுத்து மற்ற ஃபிளாட்களோடு ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்தது பல நேரம் மலிவாக இருக்காது.

அளவைவிட முக்கியம் குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு. கடைசி மூன்று ஆண்டு வரவு செலவையும் பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். சேமநிதி எவ்வளவு, எத்தனை வீட்டார் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார்கள், மொட்டைமாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு எப்போது செய்தது, லிஃப்டுக்கு எத்தனை வயது, நடக்கும் வழக்கு ஏதாவது உண்டா? லிஃப்டுக்கு 20 வயதாகி, சேமநிதியும் காலியாக இருந்தால், நீங்கள் குடிவந்த சூட்டோடு சிறப்பு வசூல் வரும். கூட்டக் குறிப்புகளைத் தர மறுக்கும் சங்கத்தைப் பற்றி அதுவே ஒரு தகவல்.

கேள்வி: வங்கிக் கடனோடு ஆயுள் காப்பீடும் எடுக்கச் சொல்கிறார்கள். பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடலாமாம்.

பதில்: காப்பீடு தேவை, கடனில் சேர்ப்பது தேவையில்லை. 3,000 பிரீமியத்தை 20 ஆண்டுக் கடனில் சேர்த்தால் கட்டி முடிக்கும்போது 6,480 ஆகியிருக்கும். கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் பாலிசியை (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) தனியாக எடுத்து ஆண்டுதோறும் கட்டுங்கள். வங்கியை மாற்றினாலும் அது உங்களோடு வரும்.

கேள்வி: நல்ல வீடு, இன்றே அட்வான்ஸ் போடாவிட்டால் வேறொருவர் முந்திவிடுவார் என்கிறார் புரோக்கர். கொடுத்துவிடலாமா?

பதில்: வேறொருவர் எப்போதும் இருப்பார். கொடுத்தே தீர வேண்டும் என்றால் சிறு தொகையாக, வங்கி வழியாக, உரிமையாளரின் கணக்குக்கே கொடுங்கள். கூடவே கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அதில் மூன்று நிபந்தனைகள் கட்டாயம்: கடன் கிடைக்காவிட்டால், பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால், பொறியாளர் அறிக்கையில் கட்டமைப்புக் குறை வந்தால், முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும். ‘வாய்ப்பேச்சே போதும், நம்ம ஆள்தான்’ என்றால் விலகிக்கொள்ளுங்கள்.

பத்திரங்களைச் சரிபார்க்கும் வழக்கறிஞர் நீங்கள் அமர்த்தியவராக இருக்க வேண்டும். கட்டுநர் சிபாரிசு செய்தவர் கட்டுநருக்குத்தான் வேலை பார்ப்பார். சொத்து கைமாறி வந்த வரிசை இடையில் அறுபடாமல் இருக்கிறதா, பூர்வீகச் சொத்து என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்திடுகிறார்களா, சிறுவர் பங்கு உண்டா, வீட்டுக்குச் செல்லும் பாதை சட்டப்படி உங்களுக்கு உரியதா என்று அவர் எழுதித் தர வேண்டும். உரிமையாளரின் கடன் அந்த வீட்டின் மேல் இருந்தால் பயந்து ஓட வேண்டாம். பாக்கித் தொகைக்கு அவருடைய வங்கியிலிருந்து கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நேரே அந்த வங்கிக்கே கட்டி, மூலப் பத்திரங்களையும் அடமான விடுவிப்பையும் வாங்கினால் சிக்கல் இல்லை. ‘நான் அடைத்துவிட்டுத் தருகிறேன், பணத்தை என்னிடம் கொடுங்கள்’ என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: பதிவுக்கு முன் கடைசியாகப் பார்க்க வேண்டியது என்ன?

பதில்: பதிவுக்கு முதல் நாள் மாலை, சாமான்கள் எல்லாம் வெளியேறிய பிறகு, வெறும் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பீர்கள். தருவதாகப் பேசிய விசிறி, மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா? வாடகைக்கு இருந்தவர் காலி செய்துவிட்டாரா? மின், தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்து, அந்த எண்கள் வரையிலான கட்டணம் விற்பவருடையது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வீட்டு வரி, சங்கக் கட்டண ரசீதுகளை வாங்கிவிடுங்கள். சாவி கைக்கு வந்த அன்றே வாசல் பூட்டை மாற்றுங்கள். பழைய சாவிக்கு எத்தனை நகல் இருக்கிறது என்று விற்பவருக்கே நினைவிருக்காது.